ஓடுவோரின் பாதத்தாங்கிகள்: விலையும் பயனும்

விடியற்காலையில் நெடுஞ்சாலை ஓரங்களிலும் ஏரிக்கரைகளிலும் ஓடிப் பழகும் இளைஞர்களை இந்நாட்டின் எப்பகுதியிலும் காணலாம். படைச் சேர்க்கைக்காக 1.6 கிலோமீட்டர் ஓடிக் காட்ட வேண்டியவர் சிலர். மாவட்டப் போட்டிகளுக்கு ஆயத்தமாகும் மாணவ மாணவியர் சிலர். பெருநகர மாரத்தான் ஓட்டங்களில் ஆர்வங்கொண்ட அலுவலர்களும் வணிகர்களும் சிலர். இவர்களுள் பலருக்கு என்றாவது ஒரு நாள் கால் நோகத் தொடங்குகின்றது. நெடுந்தொலைவு ஓடுவோரைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2007-ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீடு ஒன்றில், காலில் ஊறுபட்டோரின் விகிதம் ஆய்வுக்கு ஆய்வு நூற்றுக்கு 19.4 முதல் 79.3 வரை வேறுபட்டிருந்தது. குறைந்த கணக்கையே கொண்டாலும் ஐவரில் ஒருவர் என்றாகின்றது.

எட்டாம் வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். காலையில் பாயைவிட்டு எழுந்து முதலடி வைத்ததும் குதிகாலில் முள் தைத்தாற்போல் வலிக்கின்றது. சிறிது நடந்தால் தணிகின்றது. மாலை ஓட்டத்துக்குப் பின் மீண்டும் வருகின்றது. நகரத்துக் கடையொன்றில் அவனைக் கண்ணாடித் தட்டின்மீது நிற்கவைத்து, பாதத்தின் அழுத்தத்தைச் சிவப்பும் மஞ்சளுமாகத் திரையில் காட்டி, பாதவளைவு தாழ்ந்திருப்பதாகவும், அளவெடுத்துச் செய்த தாங்கி ஒன்றைக் காலணிக்குள் வைத்தாலன்றி ஓடலாகாது என்றும் கூறுகின்றனர். கூலி வேலை செய்யும் தந்தைக்கு அதன் விலை பல நாள் ஊதியம். அவர் ஊருக்குத் திரும்பி உடற்பயிற்சி ஆசிரியரிடமோ சுகாதாரப் பணியாளரிடமோ, “ஐயா, இதை வாங்கித்தான் ஆகவேண்டுமா?” என்று கேட்கிறார். அக்கேள்விக்கு விடை கூறுதற்கு வேண்டிய செய்திகளைத் திரட்டித் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாதத்தின் அமைப்பு

மனிதனின் ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. அவை நெடுக்கிலும் குறுக்கிலும் வளைவாக அடுக்கப்பட்டு, தசைகளாலும் நார்களாலும் பிணைக்கப்பட்டிருக்கின்றன. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகின்றது. வில்லுக்கு நாண் எப்படியோ, பாதவளைவுக்கு இப்பட்டை அப்படி. விரல்கள் மேல்நோக்கி மடங்கும்போது இந்நார்ப்பட்டை இழுபட்டு வளைவு உயர்வதை ஹிக்ஸ் என்ற ஆங்கில உடற்கூற்றறிஞர் 1954-ஆம் ஆண்டில் விளக்கினார். கிணற்றுருளையில் கயிறு சுற்றச் சுற்ற வாளி மேலெழுவதை இதற்கு ஒப்பாகச் சொல்லலாம்.

வளைவு ஒரு வில்லாகவும் பணிபுரிகின்றது. 1987-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் சிலர், நோயின் காரணமாக வெட்டியெடுக்கப்பட்ட பாதங்களை அமுக்கிப் பார்த்துக் கணக்கிட்டனர். 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் நொடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில் ஓடும்போது ஓரடிக்குச் செலவாகி மீளும் ஏறத்தாழ 100 ஜூல் ஆற்றலில் 17 ஜூலைப் பாதவளைவும் 35 ஜூலைக் குதிநாணும் தேக்கித் திருப்பித் தருகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆதலால் வளைவு அழுந்துவதும் நிமிர்வதும் அதன் இயல்பான தொழில். அழுந்துவதையே குறையாகக் கருதி அதை அசையவொட்டாமல் தாங்கிப் பிடிக்க முற்படுவோர் இதனைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

ஓடுகையில் தரை பாதத்தைத் திருப்பி உந்தும் விசை உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. ஒரு கிலோமீட்டருக்கு இரு கால்களும் சேர்ந்து சுமார் 1000 அடிகள் வைக்கின்றன. 10 கிலோமீட்டர் ஓடுபவர் ஒவ்வொரு பாதத்தையும் 5000 தடவை அவ்விசையுடன் தரையில் ஊன்றுகிறார். திங்கட்கிழமை 3 கிலோமீட்டர் ஓடியவர் அடுத்த திங்கட்கிழமை 8 கிலோமீட்டர் ஓடினால் நாரும் எலும்பும் அதற்கேற்பத் திடம் பெறக் காலம் போதாது. குதிகால் வலி, முழங்கால் வலி, முன்கால் எலும்பின் ஓரமாகத் தோன்றும் வலி ஆகியவற்றில் பெரும்பான்மைக்கு இவ்வாறு சுமையைத் திடீரென்று ஏற்றுவதே தலையாய காரணம்; தாங்கி இல்லாமை அன்று.

விலை எவ்வாறு ஏறுகின்றது?

காலணிக்குள் வைக்கும் இச்சாதனத்தைக் கடைக்காரர்கள் ‘இன்சோல்’ என்றும் ‘ஆர்ச் சப்போர்ட்’ என்றும், மருத்துவத் துறையினர் ‘ஆர்த்தோட்டிக்’ என்றும் வழங்குவர். நாம் இதனைப் பாதத்தாங்கி என்போம். இதில் இரு வகை உண்டு. காலணி அளவைப் பொறுத்துத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்க்கப்படுவது ஆயத்தத் தாங்கி. ஒரே ஒருவரின் பாதத்தை அளந்து அவருக்கென்றே செய்வது அளவுத் தாங்கி.

அமெரிக்காவில் அளவுத் தாங்கி ஓரிணை 300 முதல் 800 டாலர் வரை விற்கின்றது. இந்தியப் பெருநகரங்களில் சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி 10,000 ரூபாயைக் கடந்தும் செல்லும். ஆயத்தத் தாங்கி சில நூறு ரூபாய் முதல் இரண்டு மூவாயிரம் வரை. குதிகாலுக்கு மட்டும் வைக்கும் சிலிக்கோன் கிண்ணம் இன்னும் மலிவு. ஒரே விதமான நெகிழிப் பொருள்களால் ஆன இரண்டுக்கும் இத்துணை வேறுபாடு ஏன் என்பதை அறிய, அளவுத் தாங்கி செய்யப்படும் முறையைப் பார்க்கவேண்டும்.

முதலில் நோயாளியின் நடை, மூட்டுகளின் அசைவு, தசைகளின் வலிமை, வலியுள்ள இடம் ஆகியவற்றை நிபுணர் பரிசோதிக்கிறார். முறையாகச் செய்தால் இதற்கே அரைமணி முதல் ஒருமணி நேரம் ஆகும். பின்னர் பாதத்தின் அச்சு எடுக்கப்படுகின்றது. நனைத்த பிளாஸ்டர் துணியைப் பாதத்தில் சுற்றிக் காயவைத்துக் கழற்றுவது பழைய வழி. மிருதுவான நுரைப்பெட்டியில் பாதத்தை அழுத்திக் குழி எடுப்பது மற்றொன்று. அச்சு எடுக்கும்போது குதிகாலை எந்நிலையில் பிடிப்பது என்பதிலேயே நிபுணரின் கைத்திறன் வெளிப்படுகின்றது. இதற்கு ஒரு திட்டமான முறையை வகுத்துப் பரப்பியவர் அமெரிக்கப் பாத மருத்துவரான மெர்ட்டன் ரூட். இன்றைய அளவுத் தாங்கிகள் பல அவர் வகுத்த வழியில் வந்தவை.

அச்சுக்குள் பிளாஸ்டர் கரைசலை ஊற்றினால் பாதத்தின் பிரதிமை கிடைக்கும். அதனை அப்படியே பயன்படுத்துவதில்லை. அழுத்தம் தவிர்க்கவேண்டிய இடத்தில் பிளாஸ்டரை ஏற்றியும், தாங்கவேண்டிய இடத்தில் சீவியும் பிரதிமையைத் திருத்துகின்றனர். பின்பு பாலிபுரோப்பிலீன் தகட்டையோ, ‘ஈ.வி.ஏ.’ எனப்படும் நுரைத்தகட்டையோ அடுப்பில் சூடாக்கி இளகச்செய்து, பிரதிமையின்மீது போர்த்தி, காற்றை உறிஞ்சி எடுத்துப் படியவைக்கின்றனர். ஆறியபின் அறுத்து, சாணைச்சக்கரத்தில் தேய்த்து, குதிப்பகுதிக்குச் சரிவு கொடுத்து, மேலே மெல்லிய உறை ஒட்டி, நோயாளியின் காலணிக்குள் பொருந்துமாறு ஓரங்களைச் சரிசெய்கின்றனர். அணிந்து பார்க்க ஒரு முறையும், இரண்டொரு வாரம் கழித்துத் திருத்த மற்றொரு முறையும் நோயாளி வரவேண்டும்.

இவ்வளவிலும் தகட்டுக்கும் பசைக்கும் ஆகும் செலவு சிறு பங்கே. ஒரு தகட்டிலிருந்து பல தாங்கிகளை வெட்டலாம். பெரும்பங்கு நிபுணரின் நேரத்துக்கும், பட்டறைக் கைவினைஞரின் உழைப்புக்கும், பெருநகரத்து வாடகைக்கும், இயந்திரங்களின் முதலுக்கும் போகின்றது. ஆயத்தத் தாங்கியிலோ அச்சு ஒரே முறை செய்யப்பட்டு அச்செலவு ஆயிரக்கணக்கான இணைகள்மீது பரவிவிடுகின்றது. தையற்காரர் உடல் அளந்து தைத்த சட்டைக்கும் கடையில் வாங்கும் ஆயத்தச் சட்டைக்கும் உள்ள கணக்கே இது. இப்பொழுது ஒளிக்கதிரால் பாதத்தை அளந்து, கணினியின் உதவியால் கடைந்தோ முப்பரிமாண அச்சிட்டோ செய்யும் வழிகளும் வந்துள்ளன. பட்டறை வேலை இவற்றால் குறைகின்றது. எனினும் விற்பனை விலை அதே அளவில் குறைந்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு கணக்கையும் பெற்றோருக்குச் சொல்லவேண்டும். தாங்கியின் விலை ஒரு தடவையோடு முடிவதில்லை. நுரைத்தகட்டால் ஆனது நாள்தோறும் ஓடுபவரின் எடையால் நசுங்கி ஓராண்டுக்குள் தன் வடிவை இழக்கக்கூடும். கெட்டித் தகடு பல ஆண்டு நிலைக்குமாயினும், வளரும் பிள்ளையின் பாதத்துக்கு அது ஒரு பயனும் தராது. பெண்பிள்ளைகளின் பாதம் ஏறத்தாழ 13 வயது வரையும், ஆண்பிள்ளைகளின் பாதம் 15 வயது வரையும் நீள்கின்றது. நாம் எடுத்துக்கொண்ட எட்டாம் வகுப்பு மாணவனுக்கு இவ்வாண்டு வாங்கிய தாங்கி அடுத்த ஆண்டு விளையாட்டு விழாவில் பொருந்தாது.

மிகுந்த விலைக்கு மிகுந்த பயன் உண்டா?

இவ்வினாவை விஞ்ஞானிகள் நேராகவே பரிசோதித்திருக்கின்றனர். அமெரிக்காவில் 15 மருத்துவ நிலையங்களில் குதிகால் வலியுற்ற 236 பேரை ஐந்து பிரிவாக்கி நடத்திய ஆய்வு 1999-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஐந்து பிரிவினரும் கெண்டைச்சதையையும் உள்ளங்காலையும் இழுத்து நீட்டும் பயிற்சியைச் செய்தனர். ஒரு பிரிவினருக்குப் பயிற்சி மட்டும். ஏனையோருக்குச் சிலிக்கோன் குதித்துண்டு, ரப்பர் குதிக்கிண்ணம், கம்பளித் தாங்கி, அளவெடுத்துச் செய்த நெகிழித் தாங்கி ஆகியவற்றுள் ஒன்று சேர்த்துத் தரப்பட்டது. எட்டு வாரங்களுக்குப் பின் குணம் கண்டோர் சிலிக்கோன் பிரிவில் நூற்றுக்கு 95, ரப்பரில் 88, கம்பளியில் 81, பயிற்சி மட்டும் செய்தோரில் 72, அளவுத் தாங்கி அணிந்தோரில் 68. ஐந்திலும் விலை மிக்கதே கடைசியில் நின்றது! எட்டு வாரம் குறுகிய காலமே. இவர்கள் அனைவரும் ஓட்டக்காரருமல்லர். ஆயினும் இம்முடிவை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

ஆஸ்திரேலியாவில் 135 பேரைக் கொண்டு நடத்தி 2006-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு இன்னும் கவனமாக அமைந்தது. அதில் ஒரு பிரிவினருக்குப் பெயரளவில் மட்டும் தாங்கியான மெல்லிய நுரைத்தகடு கொடுக்கப்பட்டது. தமக்குக் கிடைத்தது எவ்வகை என்பதை எவரும் அறியார். மூன்று மாத முடிவில், உண்மைத் தாங்கி அணிந்த இரு பிரிவினரும் நடமாட்டத்தில் சிறிது முன்னேறியிருந்தனர். ஆயத்தத் தாங்கிக்கும் அளவுத் தாங்கிக்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஓராண்டு முடிவில் மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தனர். இத்தகைய 19 ஆய்வுகளை, மொத்தம் 1660 பேரின் விவரங்களுடன், 2018-ஆம் ஆண்டில் ஒருங்கே சீர்தூக்கியவர்களும் குதிகால் வலியைப் பொறுத்தவரை அளவெடுத்துச் செய்ததற்கும் ஆயத்தமாக வாங்கியதற்கும் வேறுபாடில்லை என்றே கூறினர்.

மறுபக்கத்தையும் சொல்லாவிடில் இது ஒருதலைப்பட்சமாகிவிடும். பிரிட்டனின் டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில் பயிற்சி பெறவந்த 400 பேரின் பாத அழுத்தத்தை அளந்து, ஊறுபடக்கூடியவர் எனக் கருதப்பட்டோருள் பாதிப்பேருக்கு அளவுக்கேற்ற தாங்கி தந்தனர். 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த அம்முடிவின்படி, தாங்கி பெற்றோரிடம் 21 ஊறுகளும் பெறாதோரிடம் 61 ஊறுகளும் நிகழ்ந்தன. இது பெரிய வேறுபாடு. ஆனால் ஒப்புக்கு நின்ற பிரிவினருக்கு எத்தாங்கியும் தரப்படவில்லை. ஆகவே தாங்கி உதவியது என்று சொல்லலாமேயன்றி, அது அளவெடுத்துச் செய்தமையால்தான் உதவியது என்று சொல்ல இயலாது. ஆஸ்திரேலியக் கடற்படையில் 306 பேருக்கு ஆயத்தத் தாங்கியோ தட்டையான தகடோ கொடுத்து நடத்திய ஆய்வில், தாங்கி அணிந்தோரின் ஊறுகள் மூன்றில் ஒரு பங்கு குறைவாகக் காணப்பட்டன. அவ்வேறுபாடு தற்செயலாக நேர்ந்ததாகவும் இருக்கலாம் என்ற ஐயத்தைக் கணக்கு நீக்கவில்லை. தாங்கி அணிந்தோரிடையே கொப்புளமும் பாதநோவும் மிகுதியாக இருந்தன என்பதும் குறிப்பிடத்தக்கது.

எனக்கு மிகப் பொருளுடையதாகத் தோன்றுவது கால்கரிப் பல்கலைக்கழகத்தார் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் படைவீரர் சிலர் முன் ஆறு விதத் தாங்கிகளை வைத்து, தத்தம் காலுக்கு இதமானதைத் தாமே தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். வெவ்வேறு வீரர் வெவ்வேறு தாங்கியை விரும்பினர். நான்கு மாதங்களில் அவ்வாறு தேர்ந்தவரிடையே எலும்பு வெடிப்பும் வலியும், தாங்கியில்லாதவரைவிடக் குறைந்திருந்தன. கண்ணாடித் தட்டும் வண்ணப்படமும் இன்றி, காலின் உணர்ச்சியே அங்கு அளவுகோலாயிற்று. கடையில் நாலைந்து தாங்கிகளை அணிந்து சிறிது தூரம் ஓடிப் பார்க்க அனுமதி கேட்பதற்குக் காசு வேண்டியதில்லை.

தட்டைப் பாதம் என்ற அச்சம்

தாங்கி விற்பனைக்குத் துணைசெய்வது தட்டைப் பாதம் பற்றிய அச்சமே. படையில் சேர விரும்பும் இளைஞரிடத்தில் இவ்வச்சம் மிகுதி. மருத்துவத் தேர்வில் தட்டைப் பாதம் கவனிக்கப்படுகின்றது என்பது மெய். அதனால், சில மாதம் அணிந்தால் வளைவு எழும்பிவிடும் என்ற உறுதிமொழியை நம்பிக் கடன் வாங்கித் தாங்கி வாங்குவோர் உண்டு. இவ்வுறுதிமொழிக்கு ஆதாரமில்லை. அமெரிக்காவில் 1 முதல் 6 வயது வரையிலான, மடங்கும் தன்மையுள்ள தட்டைப் பாதம் உடைய குழந்தைகளை மூன்றாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 1989-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். விசேஷக் காலணியும் வார்த்த தாங்கியும் அணிந்த குழந்தைகளின் வளைவு, ஒன்றும் அணியாத குழந்தைகளின் வளைவைவிட மேம்படவில்லை. எல்லாரிடத்தும் வயதோடு வளைவு தானே உயர்ந்தது. வளரும் எலும்பிலேயே இயலாததை 19 வயது இளைஞனின் எலும்பில் தாங்கி செய்துவிடும் என எதிர்பார்க்க வழியில்லை.

நம் நாட்டிலேயே நடந்த ஆய்வொன்று உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகின்றது. கர்நாடகத்தில் உதயபாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 4 முதல் 13 வயதுக்குட்பட்ட 2300 குழந்தைகளின் பாதச்சுவடுகளை எடுத்து ஆராய்ந்து 1992-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். காலணி அணிந்து பழகிய குழந்தைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்கும், வெறுங்காலுடன் திரிந்த குழந்தைகளில் 2.8 பேருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. விரல்களை மூடும் காலணி அணிந்தோரிடம் மிகுதி, செருப்பணிந்தோரிடம் குறைவு. முள்ளும் கொக்கிப்புழுவும் உள்ள ஊர்களில் பிள்ளைகளை வெறுங்காலோடு விடச் சொல்லலாகாது. ஆயினும் பாதத்தின் வளைவு தசைகளின் உழைப்பால் உருவாகின்றது என்பதை இவ்வாய்வு உணர்த்துகின்றது.

ஆசிரியர் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. நனைந்த பாதத்துடன் மாணவனைச் சிமெண்டுத் தரையில் நிற்கச் செய்தால் சுவட்டின் உட்புறம் வளைந்திருக்கின்றதா, நிரம்பியிருக்கின்றதா என்பது தெரியும். நிரம்பியிருந்தால் உடனே அஞ்சவேண்டியதில்லை. அவனை நுனிவிரல்களில் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். அப்போது வளைவு தோன்றினால் பாதம் மடங்கும் தன்மையுடையது; வலியும் இல்லையெனில் சிகிச்சை எதுவும் வேண்டா. இந்திய விமானப்படையின் மருத்துவத் தேர்வு விதிகளிலும், நுனிவிரலில் நிற்கையில் வளைவு மீண்டும் தோன்றி, பாதம் நெகிழ்வும் அசைவும் உடையதாய் வலியற்றிருந்து, விரல்களில் நன்றாக ஓடவும் குதிக்கவும் முடிந்தால் ஏற்கத்தக்கது என்ற விதி இடம்பெற்றுள்ளது. படைப் பிரிவுக்கேற்ப விதிகள் வேறுபடுமாதலால், அந்தந்த அறிவிப்பைப் படித்துப் பார்ப்பதே தக்கது. நுனிவிரலில் நின்றும் வளைவு எழாமல் பாதம் விறைப்பாக இருந்தால் எலும்பு மருத்துவரிடம் அனுப்பவேண்டும்.

காசில்லாமல் செய்யக்கூடியவை

குதிகால் வலிக்கு முதலிற் செய்யவேண்டியது ஓட்டத்தின் அளவைக் குறைப்பது. முற்றும் நிறுத்தவேண்டுமென்பதில்லை, வலி தாங்கக்கூடியதாய் மறுநாள் காலைக்குள் தணிந்துவிடும் அளவுக்கு ஓடலாம்.

இரண்டாவது, உள்ளங்கால் நீட்டற் பயிற்சி. உட்கார்ந்து, நோவுள்ள காலை மற்றத் தொடையின்மீது குறுக்காக வைத்து, விரல்களை முழங்காற் பக்கமாகப் பின்னோக்கி இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடித்து விடவேண்டும். இவ்வாறு பத்து முறை. நாள் ஒன்றுக்கு மூன்று வேளை. காலையில் முதலடி வைக்குமுன்பே ஒரு வேளையைச் செய்துவிடவேண்டும். நீண்டநாள் குதிகால் வலியுற்றோரைக் கொண்டு நடத்தி 2003-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வில், கெண்டைச்சதையை மட்டும் நீட்டுவதைவிட இது எட்டு வாரத்தில் மிகுந்த பயன் தந்தது.

மூன்றாவது டென்மார்க்கில் சோதிக்கப்பட்டது. துண்டு ஒன்றைச் சுருட்டிப் படிக்கட்டின் விளிம்பில் விரல்களுக்கடியில் வைத்து, ஒற்றைக்காலில் நின்று குதிகாலை மெல்ல உயர்த்தவேண்டும்: மூன்று நொடி ஏற்றம், இரண்டு நொடி நிலை, மூன்று நொடி இறக்கம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், பன்னிரண்டு முறை கொண்ட மூன்று சுற்று. எளிதாகிவிட்டால் முதுகுப்பையில் புத்தகங்களை ஏற்றிச் சுமையைக் கூட்டவேண்டும். ஆராய்ச்சியாளர்களே புத்தகப்பையைத்தான் பயன்படுத்தினர் என்பது பள்ளியாசிரியருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி! 48 பேரில் நடந்த அச்சோதனையில் மூன்று மாத முடிவில் இவ்வாறு வலுவேற்றியோர் நீட்டற் பயிற்சி மட்டும் செய்தோரைவிடத் தெளிவாக முன்னேறினர். ஓராண்டில் இரு பிரிவினரும் சமமாயினர்.

காலணியையும் புரட்டிப் பாருங்கள். அண்ணனுடைய பழைய காலணியை அணிந்து ஓடும் பிள்ளைக்கு, தாங்கியின் விலையில் கால்பங்குக்கும் குறைவான புதிய காலணி நன்மை செய்யலாம். சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரின் பாதங்களை அளந்தபோது, இந்தியர் பாதம் ஐரோப்பியர் பாதத்தைவிட அகலமானது என்று கண்டனர். நீளம் பொருந்தினும் அகலம் பொருந்தாத காலணிக்குள் தாங்கியையும் திணித்தால் விரல்கள் நெரியும்.

இவற்றை ஆறு வாரம் செய்தும் குறையாவிடில், மலிவான ஆயத்தத் தாங்கியையோ குதிக்கிண்ணத்தையோ வாங்கிச் சோதிக்கலாம். எலும்பில் விரல்நுனி அளவான ஓரிடத்தை அழுத்தினால் கடுமையாக நோதல், ஓய்விலும் இரவிலும் வலித்தல், வீக்கம், மரத்துப்போதல் ஆகிய குறிகள் தென்பட்டால் அவ்வளவு நாள் காத்திருக்கலாகாது; உடனே மருத்துவரிடம் அனுப்புக. மாதவிடாய் ஒழுங்கின்றிப் போனதும் உணவு குறைந்ததுமான ஓட்டக்காரப் பெண்ணுக்கு எலும்பு வெடிப்பு எளிதில் நேரும். இவ்விஷயத்தை ஆசிரியை ஒருவர் தனித்து விசாரிப்பது நலம்.

அளவெடுத்தே செய்யவேண்டிய பாதங்கள்

இதுவரை கூறியதைக் கொண்டு அளவுத் தாங்கி வீண் என்று எவரும் முடிவுகட்டலாகாது. நீரிழிவினாலோ தொழுநோயினாலோ உணர்ச்சி இழந்த பாதத்தில் அழுத்தம் ஓரிடத்தில் குவிந்தால் புண் ஏற்படும். நோயாளி அதை உணரமாட்டார். வேலூரில் 1946-ஆம் ஆண்டு முதல் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதப்புண்களுக்கு உணர்ச்சியின்மையும் அழுத்தமுமே காரணம் என்பதை எடுத்துக்காட்டியவர்களுள் முதன்மையானவர். அவ்வழியில் நம் நாட்டில் பரவிய மென்மையான ‘மைக்ரோசெல்லுலர்’ ரப்பர்ச் செருப்பு, தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தின்கீழ் நோயாளருக்கு இலவசமாக வழங்கப்படுகின்றது. பாதத்தின் வடிவமே மாறிவிட்டவருக்கும், ஒரு முறை புண் வந்து ஆறியவருக்கும் ஆயத்தத் தாங்கி போதாது. ஓடுவோருள்ளும் நீரிழிவுற்றோர் உண்டு. அவர்கள் பாதத்தை நாள்தோறும் பார்க்கவேண்டும். விறைத்த பாதம், பிறவிக் கோணல், விபத்தால் ஒரு கால் குட்டையானவர், ஆயத்தத் தாங்கியைச் சில மாதம் முறையாக அணிந்தும் குணம் காணாதவர் ஆகியோரும் இவ்வரிசையில் சேர்வர். இவர்களுக்குச் செலவு செய்வதே முறை.

செலவைக் குறைக்கும் வழிகளும் உள்ளன. கட்டாக்குக்கு அருகில் ஓலட்பூரிலும், கொல்கத்தாவிலும், மும்பையிலும் மத்திய அரசின் மறுவாழ்வு நிலையங்கள் செயற்கை உறுப்பு மற்றும் தாங்குகருவிப் பயிற்சியை அளிப்பதோடு சாதனங்களையும் செய்து தருகின்றன. கான்பூரில் 1972-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட செயற்கை உறுப்பு உற்பத்திக் கழகம், உடல் ஊனமுற்றோருக்கான அரசு உதவித் திட்டத்தின்கீழ் சாதனங்களை வழங்குகின்றது. இத்திட்டம் 40 விழுக்காடும் அதற்கு மேலும் ஊனச் சான்று பெற்றவருக்கே உரியது. குதிகால் வலியுற்ற ஓட்டக்காரருக்கு இதில் இடமில்லை. பல அரசு மருத்துவக் கல்லூரிகளின் எலும்பு மருத்துவப் பிரிவிலும் உடலியல் மறுவாழ்வுப் பிரிவிலும் இத்தகைய பட்டறைகள் உண்டு. கடைக்குச் செல்லுமுன் அங்கு விசாரிப்பது நன்று.

தனியாரிடம் செய்துகொள்வதாயின், செய்பவர் 1992-ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவரா என்று கேட்கவேண்டும். பரிசோதனை, அச்சு, தாங்கி, பிற்பாடு செய்யும் திருத்தம் ஆகியவற்றுள் எவையெல்லாம் சொன்ன விலையில் அடங்கும் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. திருத்தத்துக்குத் தனியே பணம் கேட்கும் இடங்களும் உள்ளன. செல்லும்போது நெடுநாள் ஓடித் தேய்ந்த பழைய காலணியை எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். அதன் அடியில் தேய்ந்துள்ள இடங்களைக் கொண்டு, கண்ணாடித் தட்டில் நின்றபோது தெரியாத பலவற்றைத் தேர்ந்த கைவினைஞர் கண்டுகொள்வார். புதிய தாங்கியை முதல் நாள் ஒரு மணி நேரமும், பின்பு நாள்தோறும் சிறிது கூட்டியும் அணிந்து நடந்து பழகி, இரண்டு வாரம் கழித்தே ஓட்டத்தில் பயன்படுத்தவேண்டும்.